ஆட்டு மதாமும் பன்னிரண்டு வீட்டுக் காய்ச்சலும்

முதலியார்பேட்டையில் பிரெஞ்சில் சொன்னால் மறுபேச்சில்லாமல் கேட்டு நடந்த ஜீவன்கள் கடைசியாக நான்குதான் மிஞ்சியிருந்தன. நான்கும் ஆடுகள். "அலே!" என்றால் கிளம்பும். "அரெத்!" என்றால் நிற்கும். தமிழில் எவ்வளவு கத்தினாலும், யாரோ வெளியூர்க்காரன் வழி கேட்கிறான் என்பதுபோல் காதைச் சாய்த்துப் பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடரும். எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவருகிற அம்மாள், தண்ணீர் கேன் போடுகிறவர், கூரியர்க்காரர் எல்லாரும் அந்த இரண்டு சொற்களைக் கற்றுக்கொண்டார்கள். பிரெஞ்சு மோகம் ஒன்றும் இல்லை. கீரையைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

ஆடுகளின் சொந்தக்காரரை நாங்கள் ஆட்டு மதாம் என்போம். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும்; தெருவில் ஒருவருக்கும் அது தேவைப்படவில்லை. கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், எங்கள் ஊர் வழக்கில் சொல்தா. அவரோடு போய் முப்பது வருஷத்துக்கு மேல் பிரான்சில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் மதாம் வேலை பார்த்தார். கணவர் இறந்த பிறகு இரண்டு பெட்டிகளோடும் ஒரு கொள்கையோடும் திரும்பி வந்தார். பெட்டிகளில் என்ன இருந்ததென்று தெரியாது. கொள்கை இதுதான்: ஆட்டை ஆடாக இருக்க விட வேண்டும்.

தெருவின் கடைசி வீடு அவருடையது. சரியாகச் சொன்னால் அவருடைய தம்பியுடையது. தம்பி பிரான்சிலேயே இருந்தார். பூட்டிக் கிடக்க வேண்டாம் என்று அக்காவைக் குடிவைத்திருந்தார். எட்டுக் குழி, அதாவது பத்து சென்ட்டுக்குக் கொஞ்சம் மேற்பட்ட மனையில் சின்ன ஓட்டு வீடு. மிச்ச இடமெல்லாம் அகத்தி, முருங்கை, சவுண்டல், வேலியோரம் கல்யாண முருங்கை. நடுவில் ஒரு கல் குன்று. மிக்ஸி வந்த பிறகு தெருவில் யார் யார் வீட்டு அம்மியும் உரலும் வெளியே வந்தனவோ அத்தனையையும் உருட்டிக்கொண்டுபோய் அவர் குவித்த குன்று அது. ஆடுகள் நாள் முழுக்க அதில் ஏறி இறங்கும். "குளம்பு தானா தேயும் முசியே. கத்தி வெச்சு வெட்ட வேணாம்" என்பார். பிரெஞ்சில் ஐயா என்கிற அந்த முசியே நான்தான். என் மனைவி வனஜாவின் தாய்வீட்டு அம்மியின் மேல் ஓர் ஆடு நின்று அசைபோடுவதை எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்க்கலாம். வனஜா பார்க்கமாட்டாள்.

நான் மூடிப்போன ஒரு மில்லில் டைம் கீப்பராக இருந்தவன். மில் மூடிய பிறகும் பழக்கம் மூடவில்லை. தெருவில் நடப்பதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். எந்த நாள் மழை, எத்தனை மணிக்கு மின்சாரம் போய் எத்தனை மணிக்கு வந்தது, யார் வீட்டுக்குப் புது பிரிட்ஜ் இறங்கியது, எல்லாம் இருக்கும். மதாமின் ஆடுகள் அந்தத் தெருவை விட்டுப் போனதற்கு இந்த நோட்டும் ஒரு காரணம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிரித்துக்கொண்டே படித்துவிட்டுக் கடைசியில் என்னைத் திட்டுவதைவிட, இப்போதிருந்தே திட்டிக்கொண்டு வருவது வாசகருக்கு வசதி.

ஆடுகளுக்குக் கிழமைகளைத்தான் பெயராக வைத்திருந்தார், அதுவும் பிரெஞ்சில். மூத்தவள் லந்தி, அதாவது திங்கள். மாஹேயில் வாங்கிய தலைச்சேரி இனம். மற்ற மூன்றும் இங்கே பிறந்தவை: மெர்க்ருதி புதன், சம்தி சனி, திமான்ஷ் ஞாயிறு. "மனுசப் பேரு வெச்சா மனுசனா நடத்துவோம். அப்புறம் அதுக்கு நிம்மதி ஏது?" என்பது அவர் வாதம்.

என் நோட்டைப் புரட்டியபோது ஒரு நாள் கண்ணில் பட்டது: மெர்க்ருதி பிறந்தது வியாழக்கிழமை. நோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

"மதாம், புதன்னு நீங்க பேர் வெச்சிருக்கிற ஆடு வியாழன் விடியக்காலம் பொறந்தது. அன்னிக்கு மின்தடை. அஞ்சே காலுக்குக் கரண்டு வந்துது, குட்டிச் சத்தம் அதுக்கப்புறம்தான் கேட்டுது. எழுதி வெச்சிருக்கேன்."

அவர் மெர்க்ருதியைப் பார்த்தார். மெர்க்ருதி என் நோட்டின் ஓரத்தைப் பார்த்தது.

"வலி புதன் ராத்திரியே எடுத்துடுச்சு முசியே. பெத்தவ கணக்கு அங்கேர்ந்து. வெளிய நின்னு கேட்டவங்க கணக்குதான் வியாழன்."

நோட்டை மூடப் போனேன். அதன் ஓரம் மெர்க்ருதியின் வாயில் இருந்தது.

வளர்ப்பு முறையில் அவர் வைத்திருந்த சட்டங்கள் பல. மூட்டைத் தீவனம் வாசலுக்குள் வரக்கூடாது. ஊசி, சாவு வரைக்கும் வந்தால்தான். காலையில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, ஒவ்வோர் ஆட்டின் புழுக்கையையும் ஆராய்வார். உருண்டையாக, தனித்தனியாக, மினுமினுப்பாக இருந்தால் அந்த ஆடு சௌக்கியம். ஒட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்கு வேப்பிலையும் பட்டினியும். வழியில் போகிற என்னைக் கூப்பிடுவார். "பேப்பர் அப்புறம் படிக்கலாம், மொதல்ல இத வந்து படிங்க. இதுல பொய் இருக்காது."

நூலகத்தில் ஆடு வளர்ப்பு பற்றி இருந்த மூன்று புத்தகங்களையும் படித்துவிட்டு, தரையில் படுக்கவைக்காமல் உயரமாகப் பலகைப் பரண் போடலாமே என்று யோசனை சொல்லப் போனேன். பொறுமையாகக் கேட்டார். "எழுதினவரு பரண்ல படுத்துப் பாத்தாரா?" என்றார். புத்தகத்தில் அந்தத் தகவல் இல்லை.

எல்லாச் சட்டத்துக்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு. ஆட்டுக்கு இரண்டு காம்பு. ஒன்று குட்டிக்கு, ஒன்று நமக்கு. அதிலும் குட்டி முதலில் வாய் வைத்து வயிறு நிறைந்து விலகிய பிறகுதான் அவர் பாத்திரத்தை நீட்டுவார். பால் விற்கமாட்டார். மிஞ்சுகிற பாலைத் திரித்து வெள்ளைத் துணியில் தொங்கவிட்டு ஃப்ரொமாஜ் செய்வார். பாலாடைக்கட்டிதான், ஆனால் அதன் வாசனைக்கு அந்தச் சாதுவான பெயர் பொருந்தாது. ஒரு கிறிஸ்துமஸுக்கு வாழையிலையில் சுற்றி எங்களுக்கு ஒரு கட்டி கொடுத்தார். வனஜா அன்று மாலை வரை அலமாரிக்குப் பின்னால் செத்த பல்லியைத் தேடினாள். பிறகு உண்மை தெரிந்ததும் அதை ரோஜாத் தொட்டியில் புதைத்தாள். மறுநாள் மதாம் வந்து "எப்டி இருந்துது?" என்று கேட்டபோது, "செடிக்கெல்லாம்கூட ரொம்பப் புடிச்சுது மதாம்" என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆடுகளுக்கு அவர் தழை சேர்க்கிற விதம் ஒரு தனி ராஜதந்திரம். ஊரில் எந்த விசேஷம் எந்த நாள் என்று பூசாரியைவிடவும் பங்குச் சாமியாரைவிடவும் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். பொங்கல் முடிந்தால் கரும்புத் தோகை. கல்யாண மண்டபங்களில் மாவிலை. ஆயுத பூஜைக்கு மறுநாள் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டை முழுக்கப் பட்டறை வாசல்களில் கட்டிய வாழைமரங்கள் வாடத் தொடங்கியிருக்கும். எங்கள் தெரு ஜாபர் பாய்க்கு அங்கே சோபா தைக்கிற பட்டறை. பாயின் லோடு ஆட்டோவில் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு மதாம் ஒவ்வொரு பட்டறையாக இறங்கி, "பூஜ முடிஞ்சிதா? சாமி போயிட்டாரா? அப்ப மரத்த அவுத்துக்கறேன்" என்பார். சாயங்காலம் தெருவுக்குள் ஒரு வாழைத்தோப்பு நகர்ந்து வரும். அதன் முன்னால், மதாம் எப்போதும் போட்டிருக்கும் வெள்ளைத்தொப்பி தெரியும்.

இந்த வாழைமரத்தில்தான் வினை தொடங்கியது. தெருவுக்குப் புதிதாக ஒருவர் வந்தார். மூன்று மாடி கட்டினார். வந்த ஆறாம் மாதம் குடியிருப்போர் சங்கம் ஒன்று ஆரம்பித்து, அதற்குத் தலைவரும் ஆனார். அவருடைய கிரகப்பிரவேசத்தன்று விடிவதற்குள் வாசலில் கட்டியிருந்த இரண்டு வாழைமரங்களும் மாவிலைத் தோரணமும் லந்தியின் தலைமையில் மறைந்துபோயின. பட்டு வேட்டியோடு தலைவர் மதாம் வீட்டு வாசலில் நின்றார்.

"உங்க ஆடு என் வாசல்ல இருந்த வாழ மரத்த முழுசா தின்னுடிச்சு!"

"முழுசாவா?" மதாமுக்கு உண்மையிலேயே கவலை. "தண்டு ரொம்ப தின்னா வயிறு எளகிடுமே."

"இன்னிக்கு எனக்குக் கிரகப்பிரவேசம் மதாம்!"

"அதான் வந்துருக்கு. கூப்புடாட்டியும் மொத ஆளா வந்துருக்கு பாருங்க."

சுற்றி நின்ற உறவினர்கள் சிரித்துவிட்டார்கள். தலைவர் சிரிக்கவில்லை. ஒரு மனிதரைப் பட்டு வேட்டியில் நிற்கும்போது சிரிக்கவைத்தால் மன்னிப்பார். அவரைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தால் மன்னிக்கமாட்டார். பிறகு சம்தி அவருடைய வெள்ளைக் காரின் மேல் ஏறி நின்று முருங்கைக் கிளையை எட்டியதும், அவர் கைகூப்பாத குறையாக "அலே, அலே" என்று கெஞ்சியதும் அந்தக் கணக்கில் சேர்ந்தன.

அந்த வருஷம் ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்தது. கார்த்திகை பிறந்ததும் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை, வீட்டில் பப்பாளி இலை, வாட்ஸ்அப்பில் ஆட்டுப்பால். ஆட்டுப்பால் குடித்தால் ரத்தத்தில் குறைந்த தட்டணுக்கள் ஏறும் என்று யாரோ எழுத, அதுவரை மூக்கைப் பிடித்துக்கொண்டு மதாம் வீட்டைக் கடந்தவர்கள் டம்ளரோடு வரிசையில் நின்றார்கள்.

மதாம் யாரையும் ஏமாற்றவில்லை. "பால் ஒண்ணும் காய்ச்சல தீக்காது. டாக்டர் சொல்றத கேளுங்க. கசந்து கெடக்குற வாய்க்குள்ள ஏதோ எறங்குது, அவ்ளோதான்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஒருவரும் கேட்கவில்லை. சரி என்று காய்ச்சல்காரர்களுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு டம்ளர் என்று வைத்தார். நன்றாகக் காய்ச்சி, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு தானே வீடு வீடாகப் போவார். நோயாளி குடித்து முடிக்கும் வரை கட்டிலருகே நிற்பார். ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் வந்த பழக்கமாம். அங்கே நோயாளியின் சாப்பாட்டை உறவினர்கள் சாப்பிட்டுவிடுவதை முப்பது வருஷம் பார்த்தவர்.

எங்கள் மகளுக்கும் வந்தது. ஐந்து நாள் எதுவும் வயிற்றில் தங்கவில்லை. ஆறாம் நாள் மதாம் கொண்டுவந்த பால் தங்கியது. பால்தான் காரணமா, ஆறாம் நாள் என்பதுதான் காரணமா, எனக்குத் தெரியாது. வனஜாவுக்குத் தெரியும். அன்றிலிருந்து தன் அம்மியின் மேல் ஆடு நிற்பதை அவள் மாடியிலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.

தலைவரின் மகனுக்கும் வந்தது. தலைவர் வரவில்லை. அவருடைய மனைவி பின்சந்து வழியாக வந்தார். அப்போது திமான்ஷின் மடியில் குட்டி முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. நான் தழை கொடுக்கிற சாக்கில் அங்கே நின்றிருந்தேன்.

"மதாம், புள்ளைக்கு ரொம்ப முடியல. அந்தக் காம்பையும் சேத்து கறந்து குடுத்தீங்கன்னா..."

"அது குட்டியோடது."

"குட்டிக்கு என்னா மதாம் அவசரம்? தழ திங்குமே."

"பதினாறு நாள் குட்டிம்மா அது. உங்க புள்ளைக்கு நீங்க வந்தீங்க, கேக்குறீங்க. அதுக்கு யாரு வந்து கேப்பா?"

அந்த அம்மாள் அழுதுவிட்டார். மதாம் குட்டி விலகும்வரை காத்திருந்தார். பிறகு தன் காலைக் காபிக்கு எடுத்துவைத்திருந்த பாலையும் சேர்த்து ஊற்றி, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, முன்வாசல் வழியாகவே தலைவர் வீட்டுக்கு நடந்தார். மூன்று மாடி ஏறி, பையன் குடிக்கும்வரை நின்றார். பத்து நாள் தொடர்ந்து போனார்.

நான் இதையெல்லாம் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கிக் கட்டம் போட்டு எழுதினேன். தேதி, வீட்டு எண், காய்ச்சல், ஆட்டுப்பால் என்று நான்கு பத்தி. காய்ச்சல் என்றால் ஒரு டிக், பால் போனால் ஒரு டிக். மதாம் செய்ததற்கு ஒரு சாட்சி இருக்கட்டும் என்றுதான் எழுதினேன். இப்போதும் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் கோடுகள் நேராக இருக்கின்றன.

மார்கழியில் எல்லாரும் எழுந்து நடமாடத் தொடங்கினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை தலைவர் என் வீட்டுக்கு வந்தார். முதல் தடவையாக.

"சார், தெருவுலயே முறையா ரெக்கார்டு வெச்சிருக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான்னு எல்லாரும் சொல்றாங்க. காய்ச்சல் பத்தி சங்கத்துல பேசணும். நோட்ட குடுத்தீங்கன்னா ஞாயித்துக்கெழம திருப்பிடறேன்."

அத்தனை வருஷத்தில் என் நோட்டை ஒருவரும் கேட்டதில்லை. வனஜாவே கேட்டதில்லை. நான் அதற்குப் பழுப்பு அட்டை போட்டுக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்குத் தலைவர் வீட்டு மொட்டை மாடியில் கூட்டம். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், சமோசா. மதாமை யாரும் அழைக்கவில்லை. தலைவர் என் நோட்டை உயர்த்திக் காட்டினார்.

"நம்ம சாரோட ரெக்கார்டு இது. என்னோடது இல்ல. இதப் பாருங்க. காய்ச்சல் வந்த பதினோரு வீடு. பதினோரு வீட்டுக்கும் அந்த ஆட்டுப்பால் போயிருக்கு. பால் போவாத வீட்ல ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்ல. இதுக்கு மேல என்னாங்க ஆதாரம் வேணும்?"

மாடியில் ஒரு முனகல் எழுந்தது. பயந்த முனகல். பால் குடித்தவர்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

ஜாபர் பாய் எழுந்தார். "இது என்னா பேச்சு தலைவரே? காய்ச்சல் வந்தவங்களுக்குத்தான் அந்தம்மா பாலே குடுத்தாங்க. நல்லா இருக்கறவங்க கேட்டப்ப குடுக்கலியே. மருந்துக்கட வாசல்ல நிக்கறவனெல்லாம் சீக்காளியா இருக்கான், அதுக்காக மருந்துக்கடையாலதான் சீக்கு வந்துதுன்னு சொல்லுவீங்களா?"

அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. பின்வரிசையில் யாரோ, "பாய் ஏன் உருகுறாருன்னு தெரியாதா, பக்ரீத்துக்கு ஆடு வேணும்ல" என்றார்கள். சிரிப்பு. பாய் சிரித்த பக்கம் திரும்பி, "நான் சோபா தைக்கிறவன்யா" என்றார். மறுபடியும் சிரிப்பு. அவர் நின்றுகொண்டே என்னைப் பார்த்தார்.

நான் எழுந்தேன். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். கட்டம் போட்டவன் நான், அதன் அர்த்தத்தைச் சொல்ல வேண்டியவனும் நான்தான். எனக்கு அது தெரிந்தே இருந்தது. ஆனால் தலைவர் "பதினொன்று" என்று சொன்ன நொடியிலிருந்து ஒரு தப்பு என் மண்டைக்குள் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"பதினொண்ணு இல்லீங்க," என்றேன். "பன்னெண்டு. உங்க வீட்ட விட்டுட்டீங்க."

தலைவர் ஒரு கணம்தான் திகைத்தார். "பாத்தீங்களா! சாரே சொல்றாரு, பன்னெண்டு! என் புள்ளையே பாதிக்கப்பட்டிருக்கான்!" என்றார். கைதட்டினார்கள். எனக்கா, எண்ணிக்கைக்கா என்று தெரியவில்லை. மேலும் ஏதோ சொல்ல வாய் திறந்தேன். சமோசா வந்துவிட்டது.

கையெழுத்துத் தாள் சுற்றி வந்தது. எனக்கு முன்னால் இருபத்திரண்டு பேர் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன். கீழே தேதியும் மணியும் போட்ட ஒரே கையெழுத்து என்னுடையது. பாய் போடவில்லை. தாளை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

வீட்டில் வனஜா விஷயம் முழுவதையும் கேட்டாள். "ஏங்க, நம்ம பொண்ணு தலமாட்டுல அந்தம்மா தூக்குவாளியோட நின்னாங்களே, அது உங்க நோட்டுல எந்தக் கட்டத்துல இருக்கு?" என்றாள். அன்று எனக்கு அவள் சோறு போட்டாள். ரசம் ஊற்றவில்லை.

அந்தத் தாளைப் படமெடுத்துப் பிரான்சிலிருந்த தம்பிக்கு அனுப்பினார்கள். தம்பிக்கு வீட்டை விற்கிற யோசனை ஏற்கெனவே இருந்தது. தெருவே எதிரி என்றால் விலை போகாது என்று பயந்துவிட்டார். வீடியோவில் கூப்பிட்டார். மதாமுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் போனை அலறவிட்டுத்தான் பேசுவார். தெருவில் பாதிப் பேர் கேட்டோம்.

"அக்கா, மாசக் கடைசிக்குள்ள ஆடுங்கள அனுப்பிடு. நீ இரு. உன்ன யாரும் போவச் சொல்லல."

"ஆடு போவணும், நான் இருக்கணும்னா, இந்த வீட்ல எனக்கு என்னாடா வேல?"

"எப்டியாவது முடிச்சுடுக்கா. கறிக்கட..."

அந்தச் சொல் வந்ததும் மதாம் போனை நிறுத்திவிட்டார். பேசி முடிக்காமல் அவர் போனை நிறுத்தி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பாய்தான் வழி செய்தார். அவர் மனைவி வீட்டாருக்கு நோணாங்குப்பத்தில், படகுத்துறைக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு தென்னந்தோப்பு இருந்தது. தோப்பில் ஒரு தகரக் கொட்டகை. ஆடுகளோடு மதாமும் அங்கேயே இருந்துகொள்ளலாம் என்றார்கள். லோடு ஆட்டோவில் ஏற்றிப் போகலாம் என்று பாய் சொன்னதற்கு மதாம் சம்மதிக்கவில்லை. பெட்டிகளையும் குட்டிகளையும் மட்டும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, நான்கு ஆடுகளையும் நடத்தியே கூட்டிக்கொண்டு போனார். தை மாதம் இரண்டாம் செவ்வாய், காலை ஏழு மணி. கடலூர் ரோட்டில் பள்ளி வேன்கள், பஸ்கள், ஆபீஸ் போகிற இரண்டு சக்கர வண்டிகள். நடுவில் வெள்ளைத்தொப்பி போட்ட ஒரு பெண், கையில் குச்சிகூட இல்லாமல், "அலே, லந்தி! அரெத், சம்தி!" என்று சொல்லிக்கொண்டு போகிறார். சிக்னலில் ஆடுகள் நின்றன. ஒரு பஸ்தான் நிற்காமல் போனது. நான் ஆற்றுப் பாலம்வரை பின்னாலேயே போனேன், கொஞ்சம் தூரம் விட்டு. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவாசிகள் சிலர் மாடியில் நின்று கைபேசியில் படம் எடுத்ததாக வனஜா சொன்னாள். பால் குடித்து எழுந்த பையன்களில் ஒருவன் அதற்குப் பாட்டு சேர்த்து எங்கேயோ போட்டானாம். நிறையப் பேர் ரசித்தார்களாம்.

அந்த வீடு விற்கப்பட்டது. கல் குன்றை ஜேசிபி வந்து ஒரே காலையில் அள்ளியது. அடுத்த ஐப்பசியில் மழை பெய்தது. கார்த்திகையில் காய்ச்சல் வந்தது. இந்த முறை பதினான்கு வீடுகள். தெருவில் ஆடு ஏதும் இல்லை என்பதைத் தலைவரிடம் சுட்டிக்காட்டினேன். கொஞ்சம் யோசித்தார். சங்கம் இப்போது புறாக்களை விசாரித்து வருகிறது.

நான் நோணாங்குப்பம் போக எனக்குப் பத்து மாதம் ஆயிற்று. பஸ்ஸில் அரை மணி நேர தூரம்தான். தோப்பில் மதாம் குனிந்து புழுக்கை பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து நிமிர்ந்தார். "போஞ்சூர் முசியே" என்றார், நேற்றுப் பார்த்தவர்போல. சுற்றிப் பார்த்தேன். மூன்று ஆடுகள்தான் இருந்தன.

"லந்தி?"

"வந்த மூணாம் வாரம். கெழவி. தண்ணி இங்க கொஞ்சம் உப்பு. குடிக்கல. எல்லாத்துக்கும் பழகற வயசு தாண்டிடுச்சு அதுக்கு." ஆட்டைப் பற்றிச் சொல்கிற குரல்தான். ஆனால் அதன்பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

நான் பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததை ஒப்பித்தேன். கட்டம் போட்டது நல்ல எண்ணத்தில் என்று, எண்ணிக்கை தப்பாக இருந்ததால்தான் எழுந்தேன் என்று, மேற்கொண்டு சொல்ல நினைத்தேன் என்று.

"பாய் சொன்னாரு," என்றார். "பன்னெண்டுன்னு எழுந்து சொன்னீங்களாம்."

"ஆமா மதாம்."

"சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. நானே பன்னெண்டு வீட்டுப் படி ஏறினவ." அகத்திக் கொத்து ஒன்றை என் கையில் திணித்தார், மெர்க்ருதிக்கு நீட்டச் சொல்லி. "அவ்ளோ பெரிய கூட்டத்துல எழுந்து நிக்கற தைரியம் இருந்துது. பன்னெண்டுன்னு சொன்ன வாய்க்கு இன்னும் ரெண்டு வார்த்த கூட வர்ல இல்ல? வேணும்னு செஞ்சவன்கூட நான் சண்ட போட்டுக்குவேன் முசியே. உங்கள வெச்சுகிட்டு நான் என்னா செய்யறது?"

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு போனேன். அதற்கடுத்த ஞாயிறும். தழை வெட்டத் தெரியவில்லை என்று திட்டினார். வெட்டக் கற்றுக்கொண்டேன், கட்டத் தெரியவில்லை என்றார். ஆட்டைப் பிடிக்கிற இடம் தப்பு, நிற்கிற இடம் தப்பு, மூச்சு விடுகிற சத்தத்தில் குட்டி மிரளுகிறது. "முப்பது வருசம் மில்லுல என்னா செஞ்சீங்க?" என்பார். "மத்தவங்க வேல செஞ்ச நேரத்த எழுதினேன் மதாம்" என்பேன். "தெரியுது" என்பார்.

போன ஞாயிறு எனக்கு முதுகுப் பிடிப்பு. எழுந்திருக்க முடியவில்லை, போகவில்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஜாபர் பாய் வாசலில் வந்து நின்று வனஜாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே படுத்திருந்த எனக்குக் கேட்டது.

"ஒண்ணுமில்லம்மா. மதாம் காலங்காத்தால போன் போட்டாங்க. 'அந்த முசியே உசுரோட இருக்காரா போயிட்டாரா, நேர்ல பாத்துட்டு வந்து சொல்லு'ன்னு ஒரே சத்தம். நேத்து பூரா ரோட்டையே பாத்துட்டு இருந்தாங்களாம்."

என்னைப் பற்றி இத்தனை வயதில் யாரும் இவ்வளவு நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.